குரல்: உண்டு

கல்முனை பஸ்ஸில் இருபத்தாறு வருசம்
என் தொண்டைதான் ஊர்களை ஏற்றி இறக்கியது.
ஆரையம்பதி தாளங்குடா கிரான்குளம் குருக்கள்மடம்
எல்லாம் ஒரே மூச்சில்.
செட்டிபாளையத்தில்தான் அடுத்தது எடுப்பேன்.

இப்போது மூச்சுக்கு ஒரு ஊர்.
குருக்கள்மடம் நீளம்,
இரண்டாய் உடைகிறது.
மஸ்கற்றிலிருந்து மகன் எடுத்தால்
ஒவ்வொரு தடவையும் "ஆர் பேசுறது?" என்கிறான்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி,
மூன்று மாதத்துக்கொரு புதன்.
பேச்சுப் பயிற்சித் தங்கச்சி மணிக்கூட்டைப் பார்த்தபடி
"ஆ சொல்லுங்க ஐயா, ஏலுமான மட்டும்."
ஏழு செக்கன். போன தடவை ஐந்து.
அவளுக்குச் சந்தோசம். அவளுக்காக எனக்கும்.
குரல்: உண்டு என்று எழுதி
பக்கத்தில் ஒரு சரி போட்டாள்.
யாருடைய குரல் என்று கேட்க
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

வெளி வாங்கில் ஆதம்பாவா, அக்கரைப்பற்று.
எனக்கு முந்தின கிழமை வெட்டினது அவருக்கு.
முழுவதும் எடுத்துவிட்டார்கள்.
கழுத்தடியில் ஓட்டை, அதன்மேல் வெள்ளைத் துணி,
மடியில் மகளின் பழைய கணக்குக் கொப்பி.

கன்ரீன் பிளேன்ரீ வந்தது.
நாடியை நெஞ்சில் அழுத்தி, மூச்சைப் பிடித்து,
ஒரு மிடறு, ஒரு செருமல், திரும்ப ஒரு விழுங்கல்.
இருந்தும் வழி தவறி
இருமி இருமிக் கண்ணால் தண்ணி.
அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்து முடித்தார்.
அவருக்கு மூச்சுக்கும் சோற்றுக்கும் வேறு வேறு வாசல்.
எனக்கு ஒரே வாசல்,
காவலாளி பாதி.
நான் அவர் தொண்டையைப் பார்த்தேன்.
அவர் என் வாயைப் பார்த்தார்.

பிறகு கொப்பியில் எழுதிக் காட்டினார்:
"வீட்டுக்கு எடுத்து ரெண்டு மணி பஸ்ஸில வாறன் எண்டு
சொல்லுவீங்களா? அவக்கு எழுத்துத் தெரியா."
கீழே நம்பர்.

ஹலோ என்றேன், காற்றும் கிறவலும் கலந்து.
அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது.
"இஞ்சாருங்க?"
கோழியை யாரோ விரட்டினார்கள்.
"இஞ்சாருங்க, நீங்களா?"

கட்டி வளர வளர அவர் குரலும்
இப்படித்தான் கம்மிப் போயிருக்கும்.
அவள் கடைசியாய்க் கேட்டது
என்னிடம் மிஞ்சியிருப்பதை.

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும்.
எடுத்தும் வைத்திருந்தேன்.
"ரெண்டு மணி பஸ்" என்றேன்.
அதோடு முடிந்தது.

அவள் பேசத் தொடங்கினாள்.
போனை அவர் காதில் வைத்தேன்.
தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்,
ஆட்டுவது அக்கரைப்பற்றில் தெரியும் என்பதுபோல.
கழுத்துத் துணி ஏறி ஏறி இறங்கியது.

டொக்டர் அறையிலிருந்து "சாமித்தம்பி" என்றார்கள்.
ஓம் என்றேன்.
இன்னொரு தரம் கூப்பிட்டார்கள்.
எழும்பிப் போனேன்,
போனை அவரிடமே விட்டு.