நாலாவது துணி

மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:
ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?
இல்லீங்க, நல்லாத்தான் ஓடுது.
அப்புறம் எதுக்குங்க பிரிக்கிறீங்க?

சவுந்தர் என்னைப் பார்த்தான்.
நான் பன்னிரண்டாம் நம்பர் சாக்கெட்டைத் தேடினேன்.

கணபதி. ஒன்றரைக் கார் அகலத்தில் ஒரு போர்டிகோ.
ஆடி ஞாயிறு.
தொண்ணூற்றொன்பது மாடல் எஸ்டீம்,
பேட்டரியின் மைனஸைக் கழற்றியாயிற்று.
ஹோஸ்களுக்கெல்லாம் டேப் ஒட்டிப் பெயர் எழுதச் சொன்னால்
'இது' என்று எழுதியிருக்கிறான்,
அடுத்ததில் 'அதுக்குப் பக்கத்தது'.

அட்டைப்பெட்டியில் புதுப் பிளீனம்.
காற்று வந்து ஒரு நிமிஷம் நின்று
நாலு சிலிண்டருக்கும் பிரிந்து போகிற கூடம்.
எங்கள் ஹால் பத்துக்குப் பத்து, மாசம் ஏழாயிரம்.
இது பதினெட்டாயிரம், ஆனால் சொந்தம் என்கிறான்.

பம்ப் கம்பெனியில் நான் குவாலிட்டி.
பிறர் செய்ததை அளந்து
ஆகாததற்குச் சிவப்பு அடிப்பவள்.
வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரத்தில்
இதன் பிளாஞ்சையும் அளந்தேன்:
நடுவில் முன்னூறு மைக்ரான் வளைவு.
வேறு யாருடையதாக இருந்தாலும் ரிஜெக்ட்.
என்னுடையது என்பதால்
டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டு
எமரித் தாள் ஒட்டி
இரண்டு ராத்திரி எட்டுப் போட்டுத் தேய்த்தேன்.

அடியில் ஒரு நட்டு.
கண்ணுக்கு எட்டாது, விரல்தான் பார்க்கவேண்டும்.
மணிக்கட்டுத் தோலைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு
அது நான்கு மணிக்கு வந்தது.

பழையதைத் தூக்கினால் நாலு துளை, திறந்தபடி.
திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ நாற்பது ரூபாய்;
எந்த ஊர்க் குழந்தைக்கோ அச்சடித்து
எவளோ ஒருத்தி கழித்துப்போட்ட டைனோசர்கள்.
நாலு துளைக்கு நாலு துணி.
அவன் இரண்டு அடைத்தான், நான் இரண்டு.

அதற்குள் காற்று எழுந்தது.
பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கி நுழைந்து
இந்தப் பக்கம் வந்ததும் அவிழ்ந்து
பொள்ளாச்சிக்கு, சூலூருக்கு, பல்லடத்துக்கு என்று
ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிரிகிற காற்று.
அட்டைப்பெட்டியை அடுத்த வீதிக்குக் கொண்டுபோனது.
வாரண்டி கார்டு அதில்தான், சவுந்தர் பின்னால் ஓடினான்.
பிளீனத்தை ஏந்திக்கொண்டு நின்ற எனக்கு
யாரிடமாவது இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது.

பிளேடால் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி
புதியதை வைத்து
நடுவிலிருந்து வெளியே, இருபத்துமூன்று நியூட்டன் மீட்டர்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக்.

ஒன்பதரைக்குச் சிறுவாணி வந்தது.
பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீர்
எஞ்சினுக்காகக் காத்திருக்காது.
குழாய் மூட்டில் பீய்ச்சியடித்தது.
கட்ட ஒரு துணி எடு என்றேன்.
வாளியில் மூன்று டைனோசர்.

மூன்று.

சாவி இக்னிஷனில் தொங்கிக்கொண்டிருந்தது.
நாலாவது எங்கே என்று நான் கேட்கவில்லை.
நீதானே எடுத்தாய் என்று அவனும் சொல்லவில்லை.
கல்யாணமான ஆறு வருஷத்தில்
இவ்வளவு நேரம் நாங்கள் சண்டை போடாமல் இருந்ததில்லை.

எல்லாக் கிளிக்கையும் திரும்ப அவிழ்த்தோம்.
அடியிலிருக்கும் அந்த நட்டையும்.
பதினொன்று இருபது, செல்போன் வெளிச்சம்.
ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம்.
நாலும் சுத்தம் என்றான், மூன்றைத் தாண்டி.

மூன்றில் நான் விரலை விட்டேன்.
மெத்தென்றது.
பச்சை வால் முதலில் வந்தது,
அப்புறம் முதுகு,
கடைசியில் எண்ணெய் குடித்த முகம்
ஒரு பல் குறையாமல் சிரித்துக்கொண்டு.

குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.
ஒரு குடமும் நிறையவில்லை.

உள்ளே போய், கண்ணாடி இல்லாத டேபிளிலிருந்து
நெயில் பாலிஷை எடுத்துவந்தேன்.
என் கட்டைவிரல் நகத்தில்
குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
சவுந்தர் ஒன்றும் கேட்காமல்
தன் கட்டைவிரலை நீட்டினான்.

காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டிருந்துவிட்டு
மறுபடி நடுவிலிருந்து ஆரம்பித்தோம்.

கிளிக்.

மேல்வீட்டில் விளக்கு எரிந்தது.