காற்றோட்டம் கருதி

ஆனிக் காற்று ஒருநாள்
தரம் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நின்ற
பலகைத் தடுப்பைச் சாய்த்துப் போட்டது.
நல்லவேளை, இடைவேளை.
ஒரு வெண்கட்டிப் பெட்டி மட்டும் நசுங்கியது.

பதினொரு வருடமாய்
பலகைக்கு இந்தப் பக்கம் நான், கணிதம்.
அந்தப் பக்கம் அமலதாசன் சேர், விஞ்ஞானம்.
ஓய்வறையில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம்
பொகவந்தலாவை பஸ், சம்பள நிலுவை,
ஏழரைக்கு வரவேட்டில் விழும் சிவப்புக் கோடு.
கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்ட நாட்களில்
கரும்பலகையிலும் என் எழுத்து சிறுத்துப்போகும்.

இடமாற்றப் படிவம் பையில் இருந்தது,
திகதி மட்டும் போடாமல்.

தடுப்பு விழுந்த மறுநாள்
பின்னக் கணக்கைப் பாதியில் விட்டு நின்றேன்.
தூங்கி வழிகிறார் என்று நான் நினைத்திருந்த மனிதர்
மேசைமேல் ஏறி நின்று
நனைந்த குடையொன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.
"துளி எந்தப் பக்கம் பறக்குது? பார்த்துச் சொல்லு!"
என் பிள்ளைகளும் திரும்பிவிட்டார்கள்,
தெறித்த முகங்களோடு.

அதட்ட வாயெடுத்தவள்
கேட்டது வேறு:
"குடைக்கு எத்தனை கம்பி?
ரெண்டு கம்பிக்கு நடுவுல உள்ள துணி
முழுக்குடையில எத்தனையில ஒரு பங்கு?"
எட்டு, எட்டு என்றது ஒரு கூட்டம்.
"ஏழு, டீச்சர். ஒண்ணு ஒடஞ்சி கெடக்கு"
என்றான் கடைசி வாங்கு கிருஷாந்தன்.
அதற்குமேல் அன்று பாடம் போன வழி
எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

வலயத்துக்கு எழுதினோம்.
மதிப்பீடு கேட்டார்கள், அனுப்பினோம்.
படம் கேட்டார்கள்.
மழை முடிந்து மழை வந்தது.
சத்தம், சத்தம் என்று
நானே மூன்று தடவை முறையிட்டிருக்கிறேன்.
சத்தம்தான்.

மாசியில் லொறி வந்தது,
புது மடக்குத் தடுப்போடு.
"எங்கே நிறுத்துறது?" என்றார் அதிபர் கூட்டத்தில்.
யாரும் பேசவில்லை.
தகரத்தில் மழை மட்டும்.
பிறகு வரலாறு படிப்பிக்கும் புவனலோஜினி, மெதுவாய்:
"புதன்கிழமை மட்டும் மடக்கி வைப்போமே, மெடம்.
நானும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாறன்."
அவள் வகுப்புக்கு
நாலு பக்கமும் கற்சுவர்.

லொக் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவது?
பேனையைக் கடித்தார் அதிபர்.
'காற்றோட்டம் கருதி' என்று எழுதினார்.

சம்பளம் ஏறவில்லை.
பஸ்ஸும் அதே பஸ்.
செவ்வாய் இரவுகளில் மட்டும்
சோறு அடிப்பிடிக்கிறது.

படிவமா?
பையில்தான் இருக்கிறது.
பின்பக்கம் முழுக்க
குடை, லயத்துக் கூரையின் சரிவு,
கொழுந்துத் தராசு,
ஓரத்தில் அமலதாசன் சேரின் கிறுக்கல்.
இனிக் கொடுப்பதென்றால்
புதிதாய் ஒன்று எடுக்க வேண்டும்.
அதற்கு ஒருநாள் லீவு போட்டு வலயத்துக்குப் போகவேண்டும்.

புதன்கிழமை முடியாது.