ஃபைன்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடை மாடியில்
ராத்திரி எட்டு மணி கிளாஸ்.
கூட்ஸ் வண்டி போகும்போது
பாதிச் சொல் காதில் விழாது.
"ஹவ் ஆர் யூ?" என்றாள் மும்தாஜ் மிஸ்.
"ஐ யாம் ஃபைன்" என்று சொல்லவேண்டுமாம்.

எனக்குத் தெரிந்த ஃபைன்
எண்ணூர் ஹைரோட்டில் லைசன்ஸைப் பிடுங்கி
வெயிலில் நிற்கவைத்து
மிஷினில் கிழித்துக் கொடுப்பது.
ஐந்நூறு. சில நாள் ஆயிரம்.
அதற்குள்
காசிமேட்டில் ஏற்றிய ஐஸ் உருகி
லோடு ஆட்டோவுக்கு அடியில் சொட்டும்.

"அது வேற, இது வேற."
"ஸ்பெல்லிங்கு, மிஸ்?"
"ஒண்ணுதான்."
பெஞ்சே சிரித்தது.
ஸ்டான்லியில் தரை துடைக்கும் டெல்பினா மட்டும்
"நல்லா இருந்தாக்கூட தண்டம் கட்டணுமா"
என்று முனகிக்கொண்டே
நோட்டில் இரண்டு தடவை எழுதினாள்.

நேற்று டோல்கேட் சிக்னலில் அதே சார்ஜன்ட்.
ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டினார்.
என்ன தோன்றியதோ,
"ஹவ் ஆர் யூ சார்" என்றேன்.

மிஷினைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.
என்னைப் பார்த்தார்.
பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன.
"ஃபைன்" என்றார்.

எவ்வளவு என்று கேட்க
வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.