மற்றவை

அதிகாலை மூன்று நாற்பதுக்கு அழைப்பு.
மார்சிலிங், புளோக்கின் கீழ்த்தளத்தில் குதிரை.
குடித்திருக்கிறீர்களா என்று கேட்கக் கூடாது,
பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள்.
"எத்தனை?" என்றேன்.
"ஒண்ணு. ஆனா பெருசு."

எங்கள் படிவத்தில் காட்டுப்பன்றிக்குக் கட்டம் உண்டு.
மலைப்பாம்புக்கு உண்டு, குரங்குக்கு உண்டு,
நீர்நாய் குடும்பத்தோடு வந்தால் இன்னொரு கட்டம்,
சமையலறைக்குள் புகுந்த மைனாவுக்குக்கூட.
குதிரை, மற்றவை.
பக்கத்தில் இரண்டு விரற்கடைக்கு ஒரு கோடு.
அதற்குள் எழுத வேண்டும்.

வண்டியில் பாம்புக் கொக்கி,
பூனைக் கூண்டு மூன்று, தடித்த கையுறை, ஒரு போர்வை.
"இதில எதக்கா அது மேல போடுறது?"
நவநீதன் கேட்டான்.
பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்றேன்.

நாங்கள் போனபோது அது கீழ்த்தளத்தில் இல்லை.
சாலையோரம்
நகர மன்றம் போன வாரம் பதித்த புல்லைத்
தின்றுகொண்டிருந்தது.
அதற்கு மாட்டுப்புல் என்று பெயர்.
குதிரையிடம் யாரும் சொல்லவில்லை போல.

பிறகு நிமிர்ந்து கடவைக்கு வந்து நின்றது.
ஒரு கார்கூட இல்லாத சாலை.
பச்சை மனிதன் எரிந்து
டிக் டிக் டிக் என்றதும்
நான்கு லாடமும் ஒலிக்க நிதானமாகக் கடந்தது.
நவநீதன் இந்த நாட்டில் பிறந்தவன்,
ஒருநாளும் அப்படிக் காத்திருந்ததில்லை.

செம்பழுப்பு. இடது தோளில் சூடிட்ட எண்.
பெயரும் இருந்திருக்கும், பந்தயத் தாளில் அச்சாகி;
யாரோ அதன்மேல் சம்பளம் வைத்திருப்பார்கள்.
என் அப்பா வைத்தார்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி ஓடியே போனது,
எட்டாவதாக வந்த ஒரு குதிரையோடு.
அது இது இல்லை. அது செத்தே பல வருடமிருக்கும்.
இருந்தாலும் அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றபோது
ஒரு வார்த்தை கேட்கலாமா என்றிருந்தது.

அதற்குள் ருஸ்தாம் வந்துவிட்டான்,
மிதிவண்டியில், முதுகில் உணவுப் பை.
குதிரை அவனை விடவில்லை.
பையை மோந்தது, மூக்கால் தள்ளியது.
"உள்ள என்ன?"
"கேரட் கேக்."
அதில் கேரட் இருக்காது, வெறும் முள்ளங்கி,
அதுவும் முட்டையில் பொரித்தது.
இந்த ஊரில் இதை முதல் வருடத்திலேயே
எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள்.

இருபத்துநான்கு மணிநேரக் கடையில்
நிஜக் கேரட் ஒரு பொட்டலம், இரண்டு வெள்ளி முப்பது,
ஆஸ்திரேலியாவிலிருந்து.
குதிரையும் அங்கிருந்துதான் என்று
பின்னால் டாக்டர் ஊய் சொன்னார்.
ரசீதை இணைத்திருக்கிறேன்.

ருஸ்தாமின் பை வார்தான் கயிறு.
லாரி வரும்வரை கார்நிறுத்தத் தூணருகே
அவன் பிடித்துக்கொண்டு நின்றான்.
கைப்பேசி அடித்தபடியே இருந்தது;
பன்னிரண்டாம் மாடியில் யாருக்கோ பசி.
"ஒரு குதிரை பிடிச்சிட்டிருக்கேன்" என்று
உள்ளதைச் சொன்னான்.
ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள்.

முதல் பேருந்தின் ஓட்டுநர் இறங்கி வந்து
குதிரையின் நெற்றியை ஒருமுறை தொட்டுவிட்டு
ஒன்றும் பேசாமல் ஏறிப் போனார்.
அன்று இரண்டு நிமிடம் தாமதம்.

லாரியின் பலகையில் அது ஏறவில்லை.
இழுத்தோம், தள்ளினோம்,
டாக்டர் ஊய் மாண்டரினில் கெஞ்சினார்.
நான் கடைசிக் கேரட்டைப் போட்டுவிட்டு
தமிழில் திட்டினேன்.
ஏறியது.
எதற்கு என்று தெரியவில்லை.

எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன்.
லாயம் காலியாகிறது என்றார்,
தாள்கள் வந்ததும் விமானம் என்றார்,
எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை.
படிவத்தில் 'விடுவிக்கப்பட்ட இடம்' என்றிருக்கிறது.
அதை விட்டுவிட்டேன்.

மிச்சம் சாணம் மட்டும்,
கடவைக்கு இந்தப் பக்கம் ஒரு குவியல்.
யார் அள்ளுவது என்று நகர மன்றத்துக்கும் எங்களுக்கும்
ஏழு மணிவரை தொலைபேசியில் தர்க்கம்.
திரும்பிப் பார்த்தால் இல்லை.
துடைத்த மாதிரி.

ஏழாம் மாடி நடைவழியில் ஓர் அம்மாள்,
கையுறையோடு,
கறிவேப்பிலைத் தொட்டிக்கு மேல் குனிந்திருந்தார்.
நான் எதுவும் பார்க்கவில்லை.
நவநீதன் எழுதினான்:
எஞ்சியவை, ஏதுமில்லை.