நான்காவது நிரல்

ஏழரை மணி அடித்ததும்
இரும்புப் படலையை இழுத்து மூடுவது என் வேலை.
இந்தப் பக்கம் நான்,
மாணவத் தலைவி, சட்டையில் தகரச் சின்னம்.
அந்தப் பக்கம் பிந்தியவர்கள்.
நடுவில் ஒரு நூற்றியறுபது பக்கக் கொப்பி:
திகதி, பெயர், வகுப்பு.
மூன்று நிரல். எங்களைப் பற்றி
அவ்வளவுதான் அதற்குக் கேட்கத் தெரியும்.

எழுதப்பட்டவர்கள் முதலாம் பாடம் முடியும்வரை
கொடிக்கம்பத்தடியில் நிற்பார்கள்.
அடிப்பதில்லை.
அடிக்கக் கூடாதென்ற சுற்றுநிருபம்
காரியாலயச் சுவரில் ஒட்டியிருக்கிறது,
அதன்மேல் உரக்கடைக் கலண்டர் தொங்குகிறது.
மாதம் கிழிக்கிற அன்று காற்றடித்தால்
இரண்டு வரி வாசிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பாதை என்பது மிதப்பது.
மாசியில் ஒரு செவ்வாய், அது நடு வாவியில் நின்றுவிட்டது.
குருமண்வெளித் துறையில் இறங்கி ஓடிவந்தார்கள் ஐந்து பேர்.
அவர்கள் ஊர்ப் பள்ளியில் விஞ்ஞானப் பிரிவில்லை,
பௌதிகவியலுக்கு வாவி கடக்க வேண்டும்.
அதே பாதையில் வந்த புவனலோஜினி டீச்சரும் கூட.
எட்டு ஐந்து.
டீச்சருக்குத் திறந்து வணக்கம் சொன்னேன்.
திறந்த கையாலேயே மூடினேன்.

ஒரே பலகையில் நின்றவர்கள்.
ஒரே அலை ஆறு பேரையும்
ஒரே உயரத்தில் நனைத்திருந்தது.

"எழுதுங்க கா," என்றான் யதுகுலன்.
"மறுகா, ஏனெண்டும் எழுதுங்க."

எங்கே எழுத? இடமில்லை.
அடிமட்டம் எடுத்து
ஓரத்தில் ஒரு கோடு கீறினேன்.
தலைப்பு: காரணம்.

பிறகு அது தானாக நிரம்பியது.

பாதை பழுது.
சீசன் டிக்கட் எண்டு பஸ் ஏத்தல்ல.
அம்மா கட்டாரில. தம்பிக்குச் சமைச்ச.
யானை, வெல்லாவெளிச் சந்தி.
சப்பாத்து காயல்ல.
யானை.
(இவன் வீடு பொலிஸ் நிலையத்துக்கு முன்னால்.)
பாதை பழுது.
பாதை பழுது.
நித்திரை.

கடைசியை ஒன்பதாம் வகுப்பு டிலுக்ஷி
என் பேனையை வாங்கித் தானே எழுதினாள்.
முழுக் கொப்பியிலும் எனக்குப் பிடித்த சொல் அதுதான்.

அதிபர் கூப்பிட்டார்.
"கோடு கீற ஆர் அனுமதி தந்த?"
"ஒருத்தரும் இல்ல சேர்."
"பொய் எழுதுவாங்கள்."
"ஒரு யானை பொய் சேர். அதையும் குறிச்சிருக்கன்."
அவர் சிரிக்கவில்லை.
'பாதை பழுது' என்பதை மட்டும் விரலால் எண்ணினார்.
பதினொன்று. மறுபடி எண்ணினார்.
"கொப்பிய வச்சிட்டுப் போங்க."

மூன்று நாள் கொப்பி திரும்பவில்லை.
எழுத ஒன்றுமில்லை, எல்லாரையும் உள்ளே விட்டேன்.
நல்ல அக்கா என்றார்கள்.
மூன்றாம் நாள் முதலாம் பாடத்தில்
புவனலோஜினி டீச்சர் பாதி வகுப்புக்குத் தொடங்கி
மீதி வகுப்புக்கு மறுபடி தொடங்கினார்.
கையில் சோக்கோடு என்னைப் பார்த்தார்.
படலையைப் பார்த்ததுபோல் இருந்தது.

நான்காம் நாள் கொப்பி வந்தது.
என் கோட்டடியில் பச்சை மை:
'பாதையால் வருபவர்கள் நேரே வகுப்புக்கு.'
பஸ்ஸைப் பற்றி ஒன்றுமில்லை.
கட்டாரைப் பற்றி ஒன்றுமில்லை.
வெயிலைப் பற்றி ஒன்றுமில்லை.
கேட்க வேண்டியவற்றை
கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்தேன்.

அடுத்த வெள்ளி, ஏழு முப்பத்திநாலு.
படலை மூடியிருந்தது. கொப்பி யதுகுலன் கையில்.
"சொல்லுங்க கா, என்ன போட?"

என் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி.
நடுவில் வாவி இல்லை, யானையும் இல்லை.
பின்னால் நின்ற சின்னவர்கள்
நான் என்ன சொல்வேன் என்று
கழுத்தை நீட்டினார்கள்.

"நித்திரை," என்றேன்.

அவன் எழுதும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனேன்.
கொடிக்கம்பத்தின் நிழல் ஓர் ஆளுக்குத்தான் காணும்.
டிலுக்ஷி கொஞ்சம் தள்ளி நின்றாள்.