இன்னும் ஒரு தை

அண்ணன் செத்தபோது பையனுக்கு எட்டு வயது.
ஆறு ஊர்க்காரர்களும் பிரம்பை என் கையில் கொடுத்து
"வைத்திரு" என்றார்கள்.
"வைத்துக்கொள்" என்று யாரும் சொல்லவில்லை.
இரண்டு சொல்லுக்கும் நடுவே கிடந்த இடத்தில்
பதின்மூன்று வருஷம் குடியிருந்துவிட்டேன்.

தை தவறாமல் கேட்பார்கள்:
மன்னாடி ஆகிற அளவுக்குப் பையன் தேறிவிட்டானா?
ஒரு வருஷம், மீசை வரட்டும் என்றேன்.
அடுத்த வருஷம், மீசை மட்டும்தானே வந்திருக்கிறது என்றேன்.
சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.
பிறகு, கல்யாணம் ஆகட்டும்.
பிறகு, பூண்டு விலை விழுந்து கிடக்கிறது
இப்போது போய் எதற்கு.
குழந்தைவேலு என்று பேர் வைத்தவன் அண்ணன்.
பேரிலேயே குழந்தை இருந்தது
எனக்கு வசதியாகப் போயிற்று.

அவன் பிக்கப் ஓட்டுகிறான்
வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு.
கொண்டை ஊசி வளைவில் ஒரு கை ஸ்டியரிங்கில்,
மறு கை தேன்மிட்டாய்ப் பொட்டலத்தில்.
பார்த்திருக்கிறேன்.
சபையிலும் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது:
போன கார்த்திகையில் காட்டுமாடு இறங்கி
பொன்னுத்தாயின் பாத்தியை உழக்கிய ராத்திரி,
நான் ஜன்னலிலிருந்து டார்ச் அடித்தேன்.
அவன் போனான்.
விடியும்வரை சேற்றில் குந்தி
ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தொட்டு எண்ணினான்.
"முந்நூற்றுச் சொச்சம் தேறும், அத்தை" என்றான்.
தேறும்.
நாங்கள் சபையில் புழங்குகிற அதே சொல்.

மார்கழியில் வாய்க்கால் வழக்கு வந்தது.
முறைத் தண்ணீர் பாதி ராத்திரியில் காணாமல் போகிறது என்று
கருத்தமலை ஒரு பக்கம், அவன் பங்காளி மறு பக்கம்.
இரண்டு பேரையும் அதட்டிவிட்டுப் பிரம்பைத் தரையில் தட்டினேன்.
பின்வரிசையில் இருந்து அவன் கேட்டான்,
மழை வருமா என்று கேட்கிற குரலில்:
"மடையைத் திருப்பினது நீங்கதானே, சித்தப்பா?
புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது.
நடந்த இடம் மட்டும் கறுப்பு.
தடம் மடையிலிருந்து உங்கள் வாசல்வரை போகிறது."

என் கேரட் கருகிவிடும் என்றுதான் செய்தேன்.
அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.
யாரோ தெண்டம் எவ்வளவு என்றார்கள்.
"மன்னாடி அவர்தானே, அவரே சொல்லட்டும்" என்றான்.
ஐந்நூற்று ஒன்று என்றேன்.
"போன வருஷம் மாயாண்டிக்கு
ஆயிரத்து ஒன்று போட்டீங்க."

கட்டினேன்.
ரசீது எழுதியதும் அவன்தான்.
ஆயிரத்துக்கு வல்லின ற போட்டிருந்தான்.
திருத்தலாம் என்று பேனாவை எடுத்து
திரும்ப வைத்துவிட்டேன்.

நேற்று விடியற்காலை, அவன் கிளம்புமுன்
பூண்டு மூட்டைகளின் இடுக்கில் பிரம்பைச் செருகிவிட்டு வந்து
போர்த்திப் படுத்துக்கொண்டேன்.
நேரில் சொல்ல நாக்கு வராதவன்
வேறென்ன செய்வான்?
இன்று இருட்டியபின் திரும்பினான்.
"மறந்து வண்டியிலேயே விட்டுட்டீங்க.
காட்ரோடு டீக்கடையில்தான் பார்த்தேன்" என்று
துண்டால் துடைத்துக் கொடுத்தான்.
வாசம் போகவில்லை.
"ஆமாம், வயசாகுது" என்று வாங்கிக்கொண்டேன்.

நாளை தை. சபை கூடும்.
அதே கேள்வி.

வெளியே பனி இறங்கத் தொடங்கிவிட்டது.
அவன் வீடு நாற்பது அடி தூரம்.
இப்போது நடந்தால்
காலையில் எல்லோருக்கும் புல்லில் தெரியும்
தடம் எந்த வாசலில் கிளம்பி
எந்த வாசலில் முடிந்ததென்று.

செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.