இன்னும் இரண்டு திருப்பம்

லியபாயாவில் ஜனவரி என்றால்
காற்று கடலிலிருந்து வருவதில்லை,
கடலே எழுந்து வருகிறது.
விடிகாலை மூன்றே முக்காலுக்கு
நாற்பது தட்டுக் கறுப்பு ரொட்டியோடு
வண்டியைக் கிளப்புவேன்.
ரேடியோ செத்து இரண்டு வருடம்.
கேசட்டுக்கான வாய் மட்டும் திறந்திருந்தது.

பழைய சாமான் கடையில்
ஜெர்மன் பாடக் கேசட்டுகள், பெட்டியோடு ஒரு யூரோ.
‘ரயில் எத்தனை மணிக்கு’ என்று
பன்னிரண்டு பாடம் கேட்டு முடித்த பிறகு
பதின்மூன்றாவதில் ரயில் இல்லை.

முதலில் ஓர் இரைச்சல்,
தவிடு சலிப்பதுபோல.
அதன் அடியில் கீபோர்டின் ஒற்றைச் சுரம்
பாலில் ஆடை படிவதுபோல
எப்போது வந்ததென்று தெரியாமல் வந்து நின்றது.
பிறகு ஒரு குரல்.
ஆணா பெண்ணா, தூக்கமா மயக்கமா
சொல்ல முடியாத கனம்.
ஒவ்வோர் உயிரும் அளபெடுத்து நீள,
சொல் முடியுமுன் தெரு முடிந்தது.

மீன் ஆலை மதிலைச் சுற்றி
டிராம் தண்டவாளம் தாண்டி
இரண்டாம் திருப்பத்தில் ஹீட்டர் பிடித்தது.
குளிரில் விறைத்த மோட்டார்
கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கொள்ள,
என் காதருகே அந்தக் குரலும்
மெலிந்தது, நிமிர்ந்தது,
முகம் கழுவி வந்து
ஒரு பெண்ணாக உட்கார்ந்தது.

பிரேக் போட்டேன்.
பின்னால் நாற்பது தட்டும் ஒருமுறை குதித்தன.

அவள் பாடியது பெரிதாக ஒன்றுமில்லை.
மாடிப்படியில் எரியாத பல்பு.
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
‘மூன்றாம் மாடிக்கு வெந்நீர் ஏறுவதில்லை,
ஆனாலும் வா’ என்றொரு வரி.
தாளப்பெட்டி, வாசலில் தயங்கும் விருந்தாளியாக
ஒரு தட்டுத் தட்டிவிட்டு
வெகுநேரம் ஓய்ந்திருந்தது.

அட்டையில் பேனா எழுத்து:
ஸைகா தீர்மனே, 1993.
ஐம்பதில் முப்பத்தோராவது.
தொலைபேசி எண் ஐந்து இலக்கம்.
இப்போது எட்டு வேண்டும்.
மிச்ச மூன்றை யாரிடம் கேட்பது?

அதன்பின் எல்லா நாளும்
உறைந்து கிடந்தவள் என் வண்டியில்தான் விழித்தாள்.
மூன்றாவது பேக்கரிக்குள் முழுதாக வந்துவிடுவாள்.
ஞாயிறுகளில், வேலை இல்லாமலேயே,
முதல் திருப்பம்வரை ஓட்டி, அணைத்துவிட்டு, குளிரவிட்டு
மறுபடி ஓட்டியிருக்கிறேன்.
இதை மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச்சில், பள்ளிச் சமையலறைப் பின்பக்கம்
கதவைத் திறந்துவைத்துத் தட்டு இறக்கையில்
வெல்டா கரண்டியோடு வெளியே வந்தாள்.
“அட, தந்தி ஆபீஸ் ஸைகா!
எனக்கும் ஒன்று கொடுத்தாள்.
நான் அதன்மேல் வேறேதோ பதிந்துவிட்டேன், நோர்முண்ட்ஸ்.”
சொல்லிவிட்டுக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு ஓர் எண் தேடித் தந்தாள்.
அயர்லாந்து. காளான் பண்ணை. இரவு ஷிப்ட்.

கடன் வசூலிக்கிறவன் என்று நினைத்தாள்.
வெந்நீர் வரியைச் சொன்னேன்.
அப்புறம் காளான் கொட்டகையின்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“நிலவறையில் ஒரே ஒரு பிளக்,” என்றாள்.
“ஹீட்டரைச் செருகினால் கீபோர்டு இல்லை,
கீபோர்டைச் செருகினால் விரல் இல்லை.
கையுறையோடு வாசித்தேன்.
அதனால்தான் சுரம் அவ்வளவு குறைவு.
ஒரே ஒருவர் எழுதினார்,
அதைப் பாணி என்று.”

சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.
“என்னிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.
கொஞ்சம் போடுகிறீர்களா?”

இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி.
போனை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்தேன்.
தவிடு சலித்தது. ஆடை படிந்தது.
அந்தக் கனத்த குரல் எழுந்தது.

“இது நான் இல்லையே,” என்றாள்.
வருத்தம்கூட இல்லை.
வேறு வீட்டுக் கதவைத்
தட்டிவிட்டவளின் குரல்.

“வைத்துவிடாதீர்கள்,” என்றேன்,
கிளட்சை மிதித்தபடி,
“இன்னும் இரண்டு திருப்பம்.”